வடைச் சட்டி எண்ணெயை கார்ல ஊத்தினா எவ்வளவு மிச்சம்? ஒரு நிஜக் கணக்கு

"ப்ரோ, ஒருத்தர் பழைய சமையல் எண்ணெயை வேட்டித் துணியில வடிகட்டி டீசல் கார்ல ஊத்தி ஓட்டுறார். நாமளும் பண்ணினா பெட்ரோல், டீசல் செலவு பாதியாயிடுமே?" இந்தக் கேள்வி எங்கிட்ட ரொம்ப நாளா வந்துட்டு இருக்கு. ஒரே வார்த்தையில பதில் வேணும்னா: வேண்டாம். ஆனா அந்த ஒரு வார்த்தை என் மச்சானுக்கே போதுமானதா இல்ல. உங்களுக்கு மட்டும் எப்படிப் போதும்? அதனால அவன் கதையையே சொல்றேன். அவன்கிட்ட அனுமதி வாங்கிட்டேன். பேரு மட்டும் போடக் கூடாதாம்.

மச்சான்னா என் தாய்மாமா பையன். திருச்சியில ஒரு தனியார் ஆபீஸ்ல வேலை, கைக்கு 42,000 ரூபாய் சம்பளம். மாமாவுக்கு ஸ்ரீரங்கத்துல ராஜகோபுரம் பக்கம் ஒரு சின்ன பஜ்ஜி, வடைக் கடை. சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்பு பத்த வைப்பார், ஒன்பது மணிக்கு அணைப்பார். சாதாரண நாள்ல ராத்திரி சட்டியில ரெண்டு, ரெண்டரை லிட்டர் கறுத்த எண்ணெய் மிஞ்சும். வைகுண்ட ஏகாதசி சமயத்துல கணக்கே கிடையாது. மச்சான்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு டீசல் கார் இருக்கு. ஒரு பக்கம் கறுப்பு எண்ணெய், இன்னொரு பக்கம் டீசல் கார், கையில ஒரு போன். மிச்சத்தை நீங்களே ஊகிச்சிருப்பீங்க.

இங்க ஒண்ணை ஒத்துக்கணும். இது முழுக்க ஏமாத்து வேலை கிடையாது. 1996-ல "மூலிகை பெட்ரோல்"னு தமிழ்நாடே அல்லோலகல்லோலப்பட்டதே, உங்க அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, அந்த ரகம் இல்ல இது. தாவர எண்ணெய் நிஜமாவே எரியும். 1900-ல பாரிஸ்ல நடந்த உலகக் கண்காட்சியில ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில ஓடிக் காட்டியிருக்கு. நம்ம டெல்டா பக்கம் பழைய, மெதுவா ஓடுற டீசல் பம்பு செட்ல கொஞ்சம் எண்ணெய் கலந்து ஊத்தினாலும் அது திணறிக்கிட்டே ஓடிடும். பாதி உண்மையா இருக்கிற விஷயத்துலதான் படிச்சவங்க மாட்டிக்கிறோம்.

மச்சான் என்ன பண்ணினான்னா, மாமாகிட்ட லிட்டர் 40 ரூபாய்னு 20 லிட்டர் வாங்கினான். (அப்பா, பிள்ளைக்குள்ள காசு எதுக்குன்னு அத்தை சத்தம் போட்டாங்க. மாமா காசை வாங்கிக்கிட்டார். கடைக்காரர்னா அப்படித்தான்.) மொட்டை மாடியில ட்ரம்மை வெயில்ல வச்சு வண்டல் படிய விட்டான். மேலா எடுத்து வேட்டித் துணியில வடிகட்டினான். அப்புறம் சூடு பண்ணித் தண்ணியை விரட்டினான். கடைசியா முல்தானி மட்டியைக் கலக்கித் தெளிய வச்சான். அஞ்சு ஞாயித்துக்கிழமை, ஒவ்வொண்ணுலயும் மூணு மணி நேரம். 20 லிட்டர்ல 16 லிட்டர் தேறிச்சு.

நான் போய்ப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, தேன் கலர்ல மின்னிச்சு. மாமா கடைச் சட்டியில இருந்து வந்த எண்ணெய்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

ஆடியில காவிரியில புதுத் தண்ணி வரும்போது அம்மா மண்டபத்துப் படியில நின்னு பார்த்திருக்கீங்களா? செம்மண்ணைக் கரைச்சு விட்ட மாதிரி ஓடும். எங்க அப்பாயி அந்தத் தண்ணியைக் குடத்துல எடுத்து வந்து தேத்தாங்கொட்டையை உரசி விடுவாங்க. கொஞ்ச நேரத்துல கலங்கல் எல்லாம் அடியில போய் உக்காந்துடும். நமக்கு "சுத்தம்"னா மனசுல ஓடுறது இந்தப் படம்தான். அழுக்கு வேற, தண்ணி வேற. அழுக்கு கீழ இறங்கிட்டா தண்ணி தண்ணியாயிடும்.

எண்ணெய் அப்படி இல்ல. வடைச் சட்டியில எண்ணெயில அழுக்கு சேருறது சின்ன விஷயம். எண்ணெயே வேற பொருளா மாறுறதுதான் பெரிய விஷயம். ஈர மாவு உள்ள விழும்போது வர்ற நீராவி எண்ணெயை உடைச்சு அமிலத்தைப் பிரிச்சு விடும். காத்தும் சூடும் சேர்ந்து இன்னொரு பக்கம் எண்ணெயோட மூலக்கூறுகளைக் கோர்த்து நீளமாக்கும். உங்க வீட்டு அடுப்புக்குப் பின்னாடி சுவத்துல, எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில ஒட்டிக்கிட்டு எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாத அந்தப் பிசுக்கு இருக்கே, அதுதான் இது. துணியில துகள் நிக்கும். எண்ணெயில கரைஞ்சிருக்கிற அமிலமும் பிசுக்கும் எண்ணெயோட சேர்ந்து கீழ இறங்கிடும். முல்தானி மட்டி நிறத்தை எடுக்கும், கொஞ்சம் நாத்தத்தை எடுக்கும். மச்சான் அஞ்சு வாரம் பண்ணின வேலையில பெரும்பங்கு எண்ணெயோட முகத்துக்குப் பவுடர் போட்டதுதான்.

இன்னொரு விஷயம் கெட்டித்தன்மை. 40 டிகிரி சூட்டுல டீசலை விட சமையல் எண்ணெய் கிட்டத்தட்ட பத்து மடங்கு கெட்டி. இப்போ இருக்கிற காமன் ரெயில் டீசல் கார்ல ஆயிரம் பாருக்கு மேல அழுத்தத்துல, தலைமுடியை விட கொஞ்சம்தான் பெரிய ஓட்டை வழியா எரிபொருளைப் பனி மாதிரி பீச்சணும். கெட்டி எண்ணெய் பனியா வராது, துளியா வரும். துளி முழுசா எரியாது. எரியாத மிச்சம் இன்ஜெக்டர் முனையிலேயே கருகி ஒட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன்ல நடந்ததுதான் இங்கயும் நடக்கும், என்ன, இங்க அது இன்ஜினுக்கு உள்ள.

சரி, கணக்குக்கு வருவோம். அதுக்குத்தானே வந்தீங்க.

பத்து லிட்டர் டீசலுக்கு ரெண்டு லிட்டர் எண்ணெய்னு கலந்து 16 லிட்டரையும் ஊத்தினான். டீசல் லிட்டர் 93 ரூபாய்னு வச்சா 16 லிட்டருக்கு 1,488 ரூபாய். மாமாவுக்குக் கொடுத்த 800 போக மிச்சம் 688. ட்ரம், ஃபில்டர் பை, புனல், முல்தானி மட்டி எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். கேஸ் செலவைச் சேர்க்கலை, அது அத்தை கணக்கு. அதாவது வண்டிக்கு ஒண்ணும் ஆகலைன்னாலே முதல் சுத்துல நஷ்டம்தான். "ட்ரம் ஒரு தடவை வாங்குறதுதானே, அடுத்த சுத்துல லாபம்"னான். நியாயம். அப்போ ட்ரம்மையும் விட்டுடுவோம். 15 மணி நேர உழைப்புக்கு 688 ரூபாய்னா மணிக்கு 46 ரூபாய். ஆபீஸ்ல அவனோட ஒரு மணி நேரத்துக்கு சுமார் 200 ரூபாய் விலை. ஞாயித்துக்கிழமை மட்டும் தன்னைத்தானே நாலுல ஒரு பங்கு சம்பளத்துக்கு வேலைக்கு வச்சுக்கிட்டான்.

மூணாவது மாசம் காலையில ஸ்டார்ட் ஆக அடம் பிடிச்சுது. அப்புறம் புகை. அப்புறம் காவிரிப் பாலத்து மேல ஏறும்போது இழுக்கவே இல்ல. மெக்கானிக் ஃபில்டரைக் கழட்டிப் பார்த்துட்டு, "தம்பி, இதுல என்ன ஊத்துனீங்க?"ன்னு கேட்டிருக்கார். இவன் "டீசல்தான்ணே"ன்னு சொல்லியிருக்கான். அவர் விரல்ல தொட்டு மோந்து பார்த்துட்டுச் சிரிச்சாராம். ஃபில்டர் மாத்தி, டேங்க்கைக் கழுவி, மூணு இன்ஜெக்டரைச் சுத்தம் பண்ணி, ஒண்ணைப் புதுசா போட்டு, மொத்தம் 23,400 ரூபாய். பழைய கார்ங்கிறதால வாரண்டி பத்தின பேச்சே இல்ல. உங்க கார் வாரண்டியில இருந்தா, தப்பான எரிபொருளால வந்த பழுதுன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் அதுவும் போச்சு.

வீட்டுச் சமையல்ல மிஞ்சுற எண்ணெயை வச்சுப் பண்ணலாமான்னு கேக்குறவங்களுக்கு கணக்கு இன்னும் சுருக்கம். நாலு பேர் இருக்கிற வீட்ல மாசம் அரை லிட்டர் பொரிச்ச எண்ணெய் மிஞ்சினா பெரிசு. வருஷத்துக்கு ஆறு லிட்டர். அத்தனையும் அப்படியே டீசலா மாறினாலும் 560 ரூபாய்க்குள்ள. இதை விட சின்ன வாணலி ஒண்ணு வாங்கிக் கம்மியா எண்ணெய் ஊத்திப் பொரிக்கிறது நல்ல முதலீடு. ஒரு தடவை பொரிச்சதை வடிகட்டி ஓரிரு நாளுக்குள்ள குழம்புக்கோ பொரியலுக்கோ தாளிச்சுத் தீர்த்துடுங்க. அப்பாயி அதைத்தான் பண்ணுவாங்க. பலகாரம் சுட்ட எண்ணெயைச் சாமி விளக்குக்கு மட்டும் ஊத்த விடமாட்டாங்க.

23,400 செலவு பண்ணின பிறகாவது மச்சான் விட்டுடுவான்னு நினைச்சேன். இல்ல. அடுத்த கட்டத்துக்குப் போயிட்டான். "வடிகட்டினதுதான் தப்பு மாப்ள. மெத்தனால் ஊத்தி வினை நடத்தி உண்மையான பயோடீசலா மாத்திட்டா கெட்டித்தன்மை போயிடும்"னான். வேதியியல் சரிதான். கிளிசரினைப் பிரிச்சு எடுத்தா எண்ணெய் கிட்டத்தட்ட டீசல் அளவுக்கு இளகிடும். உலகம் முழுக்க ஆலைகள்ல பண்றதும் அதைத்தான். ஆனா மெத்தனாலை மொட்டை மாடியில வச்சுக்கலாம்னு நினைச்சான் பாருங்க, அங்கதான் நான் நிஜமாவே சண்டை போட்டேன். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60-க்கும் மேல உயிர்களைக் குடிச்சது அந்த மெத்தனால்தான். குடிச்சாத்தான் ஆபத்துன்னு இல்ல. ஆவியைச் சுவாசிச்சாலும், தோல்ல பட்டாலும் உடம்புக்குள்ள போகும். தீப்பிடிச்சா பகல் வெளிச்சத்துல தீ எரியறதே கண்ணுக்குச் சரியாத் தெரியாது. தமிழ்நாட்டுல அதை வாங்கவும் வச்சிருக்கவும் மதுவிலக்குச் சட்டத்துக்குக் கீழ லைசென்ஸ் வேணும். கொடி கட்டித் துணி காயப் போடுற இடத்துல, பக்கத்து வீட்டுக் குழந்தைங்க பட்டம் விடுற மாடியில, மாசம் சில நூறு ரூபாய்க்காக இதையா? அன்னிக்கு அத்தை என் பக்கம் நின்னாங்க. அதனால ஜெயிச்சேன்.

இதுவரைக்கும் சொன்னது பணக் கணக்கு. இந்தப் பதிவை எழுத வச்சது வேற ஒண்ணு.

மச்சான் காரை மெக்கானிக்கிட்ட விட்டிருந்த வாரம், மாடியில இன்னும் ரெண்டாவது சுத்து எண்ணெய் ஒரு கேன் தயாரா இருந்துச்சு. அதைக் கீழ கடையில கொண்டு வந்து வச்சிருந்தான். அந்தப் பக்கத்துக் கடைகள்ல பழைய எண்ணெய் வாங்க மொபெட்ல ஒருத்தர் வருவார். கறுப்பு எண்ணெய்க்கு லிட்டர் 55 ரூபாய் தருவார். கேனைப் பார்த்ததும் மூடியைத் திறந்து, உள்ளங்கையில விட்டு வெளிச்சத்துல பார்த்தார். "இவ்வளவு தெளிவா எப்படித் தம்பி எடுத்த? இதை எதுக்கு வண்டிக்கு ஊத்துற? எனக்குக் குடு, லிட்டர் 80 ரூபாய் தர்றேன்"னார். மாசம் எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கிறேன்னும் சொன்னார்.

மச்சான் அன்னிக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணினான். குரல்ல ஒரு குஷி. "40-க்கு வாங்கி 80-க்கு விக்கலாம்டா. மாசம் 60 லிட்டர்னா 2,400 ரூபாய். கார்ல ஊத்தவே வேண்டாம்."

நான் கேட்டது ஒண்ணுதான். "அவர் அதை 80-க்கு வாங்கி யாருக்கு விப்பார்?"

கொஞ்ச நேரம் பதிலே இல்ல. டீசலே 93 ரூபாய் விக்கிற ஊர்ல, பாதி மெனக்கெட்ட எண்ணெயை 80 கொடுத்து வாங்கி, வண்டியில தூக்கிட்டுப் போய் எரிக்கிறவன் எவன்? எரிக்கிறவனுக்குத் தேன் கலர் எதுக்கு? கலர் வேண்டியது, புது எண்ணெய் டின் விலையைப் பார்த்துப் பயப்படுற இன்னொரு பஜ்ஜிக் கடைக்குத்தான். அவர் அப்படித்தான் பண்றார்னு எங்கிட்ட சாட்சி கிடையாது. ஆனா எனக்கு அந்த 80 ரூபாய்க்கு வேற அர்த்தம் புரியல. மச்சானுக்கும் புரியல.

நாடு முழுக்க இருக்கிற பயமும் இதுதான். எண்ணெய் எவ்வளவு கெட்டுப் போச்சுன்னு அளக்க மொத்த போலார் சேர்மங்கள்னு ஒரு அளவு இருக்கு. 2018 ஜூலை 1-லேருந்து அது 25 சதவீதத்தைத் தாண்டின எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ விதி போட்டுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட் 10-ம் தேதி, உலக உயிரி எரிபொருள் நாளன்னிக்கு, ரூக்கோங்கிற திட்டத்தை ஆரம்பிச்சாங்க. பயன்படுத்தின எண்ணெயைக் கடைகள்ல இருந்து வாங்கி பயோடீசல் ஆலைக்கு அனுப்புறது அதோட வேலை. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல எண்ணெய் பயன்படுத்துற இடங்கள் கணக்குப் பதிவேடு வச்சு, அங்கீகாரம் உள்ளவங்ககிட்டதான் பழைய எண்ணெயைக் கொடுக்கணும். 2019 ஆகஸ்ட்ல அரசு எண்ணெய் நிறுவனங்கள் மூணும் இப்படி வர்ற பயோடீசலை முதல் வருஷம் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கிறோம்னு அறிவிச்சாங்க. மாமா கடை மாதிரி சின்னக் கடைக்குப் பதிவேடு கட்டாயம் இல்ல. அதனாலதான் மொபெட்காரர் அங்க வர்றார்.

மச்சான் பண்ணின வேலையிலேயே பெரிய ஆபத்து இன்ஜெக்டர் போனது இல்லைங்கிறது என் கருத்து. கெட்டுப் போன எண்ணெய் கறுப்பா இருக்கிற வரைக்கும் பார்க்கிறவனுக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு. வீட்டு முறையில நிறத்தை மட்டும் எடுத்துட்டா அந்த எச்சரிக்கையை நாமே துடைச்சு விடுறோம். அமிலமும் பிசுக்கும் அப்படியே இருக்கும், பார்வைக்கு மட்டும் புது எண்ணெய். எரிபொருளுக்குன்னு நல்ல எண்ணத்துல தெளிய வச்சது எந்தச் சட்டிக்குப் போகும்னு மாடியில இருக்கிறவனால சொல்ல முடியாது.

பழைய எண்ணெய்க்கு மதிப்பே இல்லன்னு நான் சொல்லல. மதிப்பு ரொம்பவே இருக்கு. 2025 ஆகஸ்ட்ல இந்தியன் ஆயிலோட பானிபட் ஆலைக்கு, பயன்படுத்தின சமையல் எண்ணெயில இருந்து விமான எரிபொருள் தயாரிக்க சர்வதேசச் சான்றிதழ் கிடைச்சிருக்கு. மாமா கடைச் சட்டியில கறுத்த எண்ணெய் ஒரு நாள் திருச்சி விமான நிலையத்துல இருந்து கிளம்புற விமானத்துல எரியலாம். ஆனா அந்தச் சுத்திகரிப்பு நடக்கிற இடம் ஒரு ரிஃபைனரி. ட்ரம்மும் வேட்டியும் இல்ல. இந்தத் தொழில்ல காசு இருக்கிறது அளவுல. ஆயிரக்கணக்கான சட்டியோட மிச்சத்தை ஒரே இடத்துல சேர்க்கிறவனுக்குத்தான் லாபம். இதைக் கேட்டுட்டு "ரெண்டு லட்சம் கட்டினா பழைய எண்ணெய் ஏஜென்சி, மாசம் உறுதியான வருமானம்"னு யாராவது வந்தா, "உறுதி"ங்கிற வார்த்தையிலேயே எழுந்து வந்துடுங்க. பயோடீசலை வண்டிகளுக்கு விக்கிறதுக்கு 2019-லேருந்து தனி வழிகாட்டுதலும் பதிவும் இருக்கு. எந்தப் பதிவுன்னு கேட்டாலே பாதிப் பேர் காணாமப் போயிடுவாங்க.

உங்க வீட்லயோ சொந்தத்துலயோ டிபன் கடை, மெஸ், கேட்டரிங் இருந்தா நீங்க பண்ணக்கூடிய ஒரு வேலை இருக்கு. சம்பளக்காரங்களான நமக்கு அது கைவந்த கலை. பேப்பர் வேலை! மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துல அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளர் யாருன்னு கேளுங்க. அவங்ககிட்ட கொடுத்து ரசீது வாங்குங்க. விலை மட்டும் பார்க்காதீங்க, எண்ணெய் எங்க போகுதுன்னு எழுதிக் கொடுப்பாங்களான்னு பாருங்க. ஹாஸ்டல்லயோ பிஜியிலயோ இருந்தா, மெஸ்காரர்கிட்ட "பழைய எண்ணெயை என்ன பண்றீங்கண்ணே?"ன்னு ஒரு தடவை சும்மா கேட்டுப் பாருங்க. பதில் சொல்ற விதத்துலேயே நிறைய தெரிஞ்சுடும்.

மாமாவுக்கு நாங்க பார்த்துக் கொடுத்த சேகரிப்பாளர் லிட்டருக்கு 45 ரூபாய்தான் தர்றார். மொபெட்காரரை விட 10 ரூபாய் கம்மி. மாசம் 60 லிட்டருக்கு 600 ரூபாய் போச்சு. மாமா முதல்ல ஒத்துக்கல. "600 ரூபாய்க்கு ஒரு வாரத்துக்கு வெங்காயம் வாங்குவேன்டா"ன்னார். அது சின்னக் காசுன்னு நான் சொல்ல மாட்டேன், அவர் ராத்திரி கல்லாவை எண்ணுறதைப் பார்த்தவன் நான். கடைசியில அவரை மாத்தினது என் கணக்கு இல்ல. அத்தை ஒரு நாள் கேட்டாங்களாம், "நம்ம பேரன் சித்திரை வீதியில தேர் பார்க்கப் போற அன்னிக்கு எந்தக் கடையில பஜ்ஜி வாங்கித் திம்பான்னு உங்களுக்குத் தெரியுமா?"

இப்போ பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வண்டி வருது. எடை போட்டு எடுத்துட்டுப் போறாங்க. ரசீதெல்லாம் கல்லாவுக்கு மேல ஆணியில குத்தி இருக்கு. மச்சானோட அந்தத் தேன் கலர் கேனையும் அதே வண்டியில ஏத்தி விட்டோம். ஏத்துற பையன் அதைப் பார்த்துட்டு, "இது நல்ல எண்ணெய் மாதிரி இருக்கே அண்ணே, தப்பா வச்சுட்டீங்களா?"ன்னு கேட்டான்.